‘தேன் ஐ’ எப்போது, ‘தேன் மீ’ எப்போது? ஆங்கில ஒப்பீடுகளில் சரியான ப்ரோனவுனைத் தேர்ந்தெடுக்க முழுமையான வழிகாட்டி

ஆங்கிலம் நன்றாகவே எழுதுகிறவர்கள்கூட நின்று யோசிக்கிற ஓர் இடம் உண்டு. ‘அவன் என்னைவிட உயரம்’ என்று எழுத வேண்டும். “ஹீ இஸ் டாலர் தேன்” வரை கை தானாக ஓடும். அடுத்து ‘ஐ’ போடுவதா, ‘மீ’ போடுவதா என்று தயங்கும். போட்டித் தேர்வுக்குப் படிக்கிறவர்கள், ஐஇஎல்டிஎஸ் எழுதப் போகிறவர்கள், அலுவலகத்தில் தினமும் மின்னஞ்சல் அனுப்புகிறவர்கள் என்று பலருக்கு இதைச் சொல்லிக்கொடுத்துப் பார்த்திருக்கிறேன். விதி தெரியாமல் தவறுகிறவர்கள் குறைவு. வரிசையை மாற்றிச் செய்து தவறுகிறவர்களே அதிகம். ப்ரோனவுனை முதலில் போட்டுவிட்டு, அது காதுக்கு நன்றாக இருக்கிறதா என்று கேட்டுப் பார்க்கிறார்கள். செய்ய வேண்டியது இதற்கு நேர் எதிர். முதலில் வாக்கியத்தை மனதில் முழுதாக முடிக்க வேண்டும். ப்ரோனவுன் கடைசி வேலை.

கீழே உள்ள படிகளை இதே வரிசையில் செய்யுங்கள். முதல் இரண்டு படிகளிலேயே சில வாக்கியங்களுக்கு விடை கிடைத்துவிடும். அப்படிப்பட்ட வாக்கியங்களில் ‘ஐ’யா ‘மீ’யா என்ற கேள்வியே எழாது.

தொடங்கும் முன் தெரிந்திருக்க வேண்டியவை

ஆங்கில வாக்கியங்களை இங்கே தமிழ் எழுத்தில் தருகிறேன். நீங்கள் நோட்டில் ஆங்கிலத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள். ‘தேன்’ என்று நான் எழுதுவது டி, எச், ஏ, என் என்ற நான்கு எழுத்துச் சொல். ஒப்பீட்டுக்கு அதுதான். ஏ இருக்கும் இடத்தில் இ போட்டால் ‘அப்போது’, ‘பிறகு’ என்று பொருள் தரும் வேறு சொல்லாகிவிடும். மின்னஞ்சல்களில் நான் அதிகம் திருத்துகிற எழுத்துப்பிழை இதுதான். ஸ்பெல்லிங் சரிபார்க்கும் வசதியும் பல நேரம் இதைக் காட்டிக்கொடுக்காது, ஏனென்றால் இரண்டுமே அகராதியில் உள்ள சொற்கள்.

அப்புறம் மூன்று வரிசைகள் மனப்பாடமாக இருக்க வேண்டும்.

எழுவாயாக வருபவை: ஐ, வீ, யூ, ஹீ, ஷீ, இட், தே.

செயப்படுபொருளாக வருபவை: மீ, அஸ், யூ, ஹிம், ஹெர், இட், தெம்.

உடைமையைக் காட்டித் தனியாக நிற்பவை: மைன், அவர்ஸ், யுவர்ஸ், ஹிஸ், ஹெர்ஸ், தேர்ஸ்.

‘யூ’, ‘இட்’ இரண்டும் முதல் இரு வரிசைகளிலும் மாறாமல் இருப்பதைக் கவனியுங்கள். இதனால் வரும் சிக்கலை 5-ஆம் படியில் பார்ப்போம். மூன்றாம் வரிசைச் சொற்கள் எதிலும் மேற்கோள் புள்ளி (அப்பாஸ்ட்ரஃபி) கிடையாது. ‘ஹெர்ஸ்’, ‘யுவர்ஸ்’, ‘தேர்ஸ்’ ஆகியவற்றில் எஸ்ஸுக்கு முன்னால் புள்ளி வைத்தால் அது பிழை.

1. எதை எதோடு ஒப்பிடுகிறோம் என்று பாருங்கள்

ஒப்பீட்டின் இரண்டு பக்கமும் ஒரே வகைப் பொருளாக இருக்க வேண்டும். ஆளோடு ஆள், சம்பளத்தோடு சம்பளம், வீட்டோடு வீடு. இதை முதல் படியாக வைப்பதற்குக் காரணம், தமிழில் யோசித்து ஆங்கிலத்தில் எழுதும்போது முதலில் வழுக்குவது இங்கேதான்.

‘என் சம்பளம் அவனைவிடக் கம்மி’ என்று நாம் சாதாரணமாகச் சொல்கிறோம். கேட்பவருக்கும் புரிகிறது, யாரும் தவறு கண்டுபிடிப்பதில்லை. இதை அப்படியே “மை சேலரி இஸ் லோயர் தேன் ஹிம்” என்று எழுதினால், ஒரு பக்கம் சம்பளமும் மறுபக்கம் ஒரு மனிதனும் நிற்கிறார்கள். ‘ஹிம்’மை எடுத்துவிட்டு ‘ஹீ’ போட்டாலும் சரியாகாது. இங்கே தேவைப்படுவது மூன்றாம் வரிசை: “மை சேலரி இஸ் லோயர் தேன் ஹிஸ்.” அவனுடைய சம்பளத்தைவிட என்று பொருள்.

இதேபோல் “ஹெர் ஹேண்ட்ரைட்டிங் இஸ் நீட்டர் தேன் மைன்”, “அவர் ஹவுஸ் இஸ் ஓல்டர் தேன் தேர்ஸ்”. சோதித்துப் பார்க்க ஓர் எளிய வழி: தமிழில் ‘உடைய’ என்ற சொல்லை வலிந்து சேர்த்துப் படியுங்கள். ‘என் கையெழுத்து அவளுடையதைவிட’ என்று பொருள் கெடாமல் வந்தால் மூன்றாம் வரிசையைத்தான் போட வேண்டும்.

ஆள் இல்லாமல் ஊரோ நாடோ வந்தால் ‘தட்’, ‘தோஸ்’ உதவும். ஒருமைக்கு ‘தட்’: “த பாப்புலேஷன் ஆஃப் சென்னை இஸ் லார்ஜர் தேன் தட் ஆஃப் மதுரை.” பன்மைக்கு ‘தோஸ்’: “த விண்டர்ஸ் ஆஃப் டெல்லி ஆர் கோல்டர் தேன் தோஸ் ஆஃப் சென்னை.” ஐஇஎல்டிஎஸ் அகாடமிக் தேர்வில் எழுத்துப் பகுதியின் முதல் கேள்வி பெரும்பாலும் வரைபடத்தையோ அட்டவணையையோ விவரிக்கச் சொல்வது. அதில் பல நேரம் இரண்டு நாடுகளின் எண்ணிக்கைகளை ஒப்பிட வேண்டியிருக்கும். ‘தட் ஆஃப்’, ‘தோஸ் ஆஃப்’ இரண்டும் கைவசம் இல்லாதவர்கள் ஒரே பத்தியில் பல இடத்தில் மக்கள்தொகையை நாட்டோடு ஒப்பிட்டுவிடுகிறார்கள்.

2. அங்கே வர வேண்டியது ‘தேன்’தானா என்று பாருங்கள்

சீனியர், ஜூனியர், சுப்பீரியர், இன்ஃபீரியர், ப்ரையர், ப்ரிஃபர், ப்ரிஃபரபிள் ஆகிய சொற்களுக்குப் பின் ‘தேன்’ வராது, ‘டு’ வரும். “ஷீ இஸ் சீனியர் டு மீ.” ‘டு’ ஒரு ப்ரெபொசிஷன், அதாவது ‘ஃபார்’, ‘ஆஃப்’ போலப் பெயருக்கு முன்னால் வரும் சொல். ப்ரெபொசிஷனுக்குப் பின் எப்போதும் இரண்டாம் வரிசைதான் என்பதால் இங்கே யோசிக்கவே வேண்டாம். ‘அவர் எனக்கு சீனியர்’ என்று தமிழில் சொல்லும்போது வரும் ‘எனக்கு’ இந்த ‘டு மீ’யோடு நன்றாகவே பொருந்துகிறது. அதைப் பிடித்துக்கொண்டால் மறக்காது.

‘எல்டர்’ என்ற சொல்லிலும் கவனம் வேண்டும். “மை எல்டர் பிரதர்” சரி. ஆனால் “ஹீ இஸ் எல்டர் தேன் மீ” என்று எழுதினால் ப்ரோனவுனுக்கு முன்பே பிழை வந்துவிடுகிறது. ‘தேன்’ வரும் இடத்தில் ‘ஓல்டர்’ என்றுதான் எழுத வேண்டும்.

3. ‘தேன்’னுக்குப் பின் விடுபட்ட சொற்களை எழுதிப் பாருங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வையுங்கள்.

ஒப்பீட்டு வாக்கியத்தில் ஆங்கிலம் ஏற்கெனவே சொன்னதைத் திரும்பச் சொல்லாமல் விட்டுவிடும். “ஹீ இஸ் டாலர் தேன் ஐ” என்பதன் முழு வடிவம் “ஹீ இஸ் டாலர் தேன் ஐ ஆம்.” கடைசியில் ஒரு ‘ஆம்’ மறைந்திருக்கிறது. “ஷீ ரன்ஸ் ஃபாஸ்டர் தேன் ஐ” என்பதில் ஒரு ‘ரன்’ மறைந்திருக்கிறது. “த டிசிஷன் ஹர்ட் தெம் மோர் தேன் அஸ்” என்பதில் ‘இட் ஹர்ட்’ என்ற இரண்டு சொற்கள் ‘அஸ்’ஸுக்கு முன்னால் மறைந்திருக்கின்றன. “மோர் தேன் இட் ஹர்ட் அஸ்” என்பதே முழு வடிவம்.

மறைந்த சொற்கள் ப்ரோனவுனுக்குப் பின்னால் இருக்கலாம், முன்னாலும் இருக்கலாம். அவற்றைத் தாளில் எழுதிவிட்டால் ப்ரோனவுன் செய்யும் வேலை கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

தமிழ் பேசும் நமக்கு இது ஏன் தனிப்பட்ட முறையில் கடினம் என்றால், ‘விட’ என்ற சொல்லுக்கு முன் எப்போதும் தமிழின் இரண்டாம் வேற்றுமை உருபான ‘ஐ’தான் வருகிறது. என்னைவிட, அவனைவிட, அவர்களைவிட. வேலை எதுவாக இருந்தாலும் வடிவம் மாறுவதில்லை. அதனால் ‘என்னை’ என்பதற்கு நேரான ‘மீ’ உடனே வாயில் வருகிறது. அந்த ‘மீ’ சில இடங்களில் சரியாகவும் இருந்துவிடுவதால் பழக்கம் இன்னும் ஆழமாக வேர்விடுகிறது. முழு வாக்கியத்தை எழுதிப் பார்ப்பதுதான் இந்தப் பழக்கத்தை உடைக்கும். ஆரம்பத்தில் சில வாரங்களாவது மனதுக்குள் முடிக்காமல் பென்சிலால் எழுதியே முடியுங்கள். மனதுக்குள் முடிக்கிறவர்கள் அவசரத்தில் அதை விட்டுவிடுகிறார்கள்.

4. வேலையைப் பார்த்து வரிசையைத் தேர்ந்தெடுங்கள்

முழு வாக்கியம் கையில் இருந்தால் இது ஒரு நொடி வேலை. மறைந்த வினையைச் செய்பவர் என்றால் முதல் வரிசை. அந்த வினைக்கு ஆளாகிறவர் என்றால் இரண்டாம் வரிசை.

“தே ஆர்ரைவ்டு எர்லியர் தேன் வீ.” வந்து சேர்ந்தது நாங்கள், ஆகவே ‘வீ’.

“த மேனேஜர் பிரெய்ஸ்டு ஹெர் மோர் தேன் மீ.” இதை எழுதியவர் பாராட்டைப் பெற்றவர். மேனேஜர் அவளைப் பாராட்டினார், என்னையும் பாராட்டினார், அவளை அதிகமாக. ஆகவே ‘மீ’.

இங்கே வரும் பெரிய தவறு நீங்கள் எதிர்பார்ப்பதற்கு நேர் எதிரானது. ‘தேன்’னுக்குப் பின் ‘மீ’ வராது, ‘ஐ’தான் வரும் என்று யாரோ ஒரு முறை கண்டிப்பாகச் சொல்லியிருப்பார்கள். அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு எல்லா இடத்திலும் முதல் வரிசையையே போடுகிறார்கள். “த நியூ ரூல் அஃபெக்ட்ஸ் தெம் மோர் தேன் வீ” என்று எழுதுவார்கள். முடித்துப் பாருங்கள்: நாங்கள் அவர்களைப் பாதிப்பதைவிடப் புதிய விதி அவர்களை அதிகம் பாதிக்கிறது என்று வருகிறது. நாங்கள் யாரையும் பாதிக்கவில்லை, விதிதான் எங்களைப் பாதிக்கிறது. ‘அஸ்’ என்று இருக்க வேண்டும்.

இந்தத் தவறு ‘மீ’ போடும் தவறைவிட மோசமானது என்று நான் நினைக்கிறேன். தவறான இடத்தில் ‘மீ’ வந்தால் பேச்சுவழக்கு என்று படிப்பவர் விட்டுவிடுவார். தவறான இடத்தில் ‘ஐ’யோ ‘வீ’யோ வந்தால் வாக்கியத்தின் பொருளே திரும்பிவிடும். மாணவர்களிடம் ‘எப்போதும் ஐ’ என்று சொல்லிக்கொடுப்பதை ஆசிரியர்கள் நிறுத்த வேண்டும்.

5. இரண்டு விதமாக முடிகிற வாக்கியங்களைத் தனியாகப் பிரியுங்கள்

சில வாக்கியங்களை ஒரே விதமாகத்தான் முடிக்க முடியும். ‘இஸ் டாலர்’, ‘ரன்ஸ் ஃபாஸ்டர்’, ‘ஸ்லீப்ஸ் லெஸ்’ போன்றவை அந்த வகை. உயரம் என்பதற்குச் செயப்படுபொருள் கிடையாது. ஓடுவதும் தூங்குவதும் இன்னொருவர் மேல் போய் விழும் செயல்கள் அல்ல. ஆகவே ‘தேன்’னுக்குப் பின் வருபவர் எழுவாயாக மட்டுமே இருக்க முடியும். தவறான வடிவம் வந்தாலும் பொருள் குழம்பாது.

வினை ஓர் ஆள் செய்து இன்னோர் ஆளைச் சேருவதாக இருந்தால் நிலைமை வேறு. லவ், டிரஸ்ட், ஹெல்ப், மிஸ், பிளேம், ரெஸ்பெக்ட், நோ, கால் போன்ற வினைகள் எல்லாம் இந்த வகை. இங்கே ப்ரோனவுன் ஒன்றுதான் பொருளைத் தாங்கி நிற்கிறது.

“ஷீ டிரஸ்ட்ஸ் ஹிம் மோர் தேன் ஐ.” நான் அவனை நம்புவதைவிட அவள் அவனை அதிகம் நம்புகிறாள். நம்புகிறவர்கள் இரண்டு பேர், நம்பப்படுகிறவன் ஒருவன்.

“ஷீ டிரஸ்ட்ஸ் ஹிம் மோர் தேன் மீ.” அவள் என்னை நம்புவதைவிட அவனை அதிகம் நம்புகிறாள். நம்புகிறவள் ஒருத்தி, நம்பப்படுகிறவர்கள் இரண்டு பேர்.

‘அவள் என்னைவிட அவனை அதிகம் நம்புகிறாள்’ என்ற தமிழ் வாக்கியத்தில் இந்த இரண்டு பொருளும் ஒளிந்திருக்கின்றன. பேசும்போது குரலும் சூழலும் எது என்று காட்டிவிடும். அதனால்தான் மொழிபெயர்க்கும்போது எந்தப் பொருளை எழுதப் போகிறோம் என்று நாம் நின்று கேட்டுக்கொள்வதே இல்லை. ஆங்கிலத்தில் எழுதும் முன் கேட்டுக்கொள்ள வேண்டும். தமிழில் ‘நான் நம்புவதைவிட’ என்றோ ‘என்னை நம்புவதைவிட’ என்றோ முதலில் விரித்துச் சொல்லிப் பாருங்கள். விரித்தது முதல் வடிவம் என்றால் ‘ஐ’, இரண்டாவது என்றால் ‘மீ’.

ஆனால் இதோடு நிறுத்தினால் போதாது. நீங்கள் இலக்கணப்படி ‘மீ’ என்று சரியாகவே எழுதியிருக்கலாம். படிப்பவருக்கு அது தெரியுமா? பேச்சில் எல்லாரும் ‘மீ’ என்றே சொல்வதால், நீங்கள் வேண்டுமென்றே தேர்ந்தெடுத்த ‘மீ’யா, பழக்கத்தில் வந்த ‘மீ’யா என்று அவரால் பிரித்தறிய முடியாது. ஆகவே இந்த வகை வாக்கியங்களில் விடுபட்ட சொற்களை எழுதிவிடுவதே பாதுகாப்பு. “ஷீ டிரஸ்ட்ஸ் ஹிம் மோர் தேன் ஐ டூ.” அல்லது “ஷீ டிரஸ்ட்ஸ் ஹிம் மோர் தேன் ஷீ டிரஸ்ட்ஸ் மீ.” ஒன்றிரண்டு சொல் கூடுகிறது, ஆனால் யாரும் தவறாகப் படிக்க மாட்டார்கள். கடிதமோ, புகார் மனுவோ, வேலை மதிப்பீட்டு அறிக்கையோ எழுதும்போது இந்த ஒன்றிரண்டு சொல்லைச் சேமிக்காதீர்கள்.

‘யூ’ வந்தால் விரித்து எழுதுவதைத் தவிர வேறு வழியே இல்லை. “ஐ லைக் யுவர் பிரதர் மோர் தேன் யூ.” உன்னைவிட உன் அண்ணனைப் பிடிக்கும் என்பதா, உனக்கு அவனைப் பிடிப்பதைவிட எனக்கு அதிகம் பிடிக்கும் என்பதா? ‘யூ’ இரண்டு வரிசையிலும் ஒரே வடிவம் என்பதால் ப்ரோனவுன் எந்த உதவியும் செய்யாது. “மோர் தேன் யூ டூ” என்று எழுதினால்தான் இரண்டாம் பொருள் உறுதியாகும். ஆட்களின் பெயர்களும் இப்படித்தான். “மீனா ஹெல்ப்ஸ் கவிதா மோர் தேன் ரவி” என்ற வாக்கியத்தில் ரவி உதவி செய்கிறானா, பெறுகிறானா என்று சொல்லவே முடியாது. “தேன் ரவி டஸ்” அல்லது “தேன் ஷீ ஹெல்ப்ஸ் ரவி” என்று முடிக்க வேண்டும்.

செயப்படுபொருள் ஒரு ஜடப்பொருளாக இருந்தால் இவ்வளவு கவலை வேண்டாம். “ஷீ ரீட்ஸ் மோர் புக்ஸ் தேன் மீ” என்று ஒருவர் எழுதினால், அவள் அவரைப் படிக்கிறாள் என்று யாரும் எண்ண மாட்டார்கள். அங்கே ‘ஐ’, ‘மீ’ தேர்வு பொருளைச் சார்ந்தது அல்ல, எழுதும் சூழலைச் சார்ந்தது. அதை 10-ஆம் படியில் பார்ப்போம்.

6. சந்தேகம் இருந்தால் துணைவினையைச் சேருங்கள்

“தேன் ஐ” என்று மொட்டையாக முடிப்பது பலருக்குச் செயற்கையாகத் தோன்றும். “தேன் ஐ ஆம்”, “தேன் ஐ டூ” என்று முடித்தால் அந்த உறுத்தல் போய்விடும். தேர்விலும் சரி, பேச்சிலும் சரி, யாரும் குறை சொல்ல முடியாத வடிவம் இது. எது சரி என்று தடுமாறும்போதெல்லாம் இதற்குப் போய்விடுங்கள் என்றே எல்லாரிடமும் சொல்கிறேன்.

எந்தத் துணைவினை? முன்பகுதியைப் பாருங்கள். அங்கே ‘இஸ்’, ‘ஆர்’, ‘வாஸ்’ குடும்பம் இருந்தால் அதே குடும்பம்: “ஐ ஆம் டாலர் தேன் ஹீ இஸ்.” ‘கேன்’, ‘வில்’ போன்ற துணைவினையோ, இன்னொரு வினையின் முன் நிற்கும் ‘ஹேவ்’வோ இருந்தால் அதையே திரும்பப் போடுங்கள்: “ஷீ கேன் ஸ்விம் பெட்டர் தேன் ஐ கேன்”, “வீ ஹேவ் லிவ்டு ஹியர் லாங்கர் தேன் தே ஹேவ்.” துணைவினை எதுவும் இல்லாமல் வெறும் வினை இருந்தால் ‘டூ’, ‘டஸ்’, ‘டிட்’: “ஹீ எர்ன்டு மோர் தேன் ஐ டிட்.” ‘வைத்திருக்கிறாள்’, ‘உண்டு’ என்ற பொருளில் ‘ஹேஸ்’ தனியாக முதன்மை வினையாக வந்தாலும் ‘டூ’ பொருந்தும்: “ஷீ ஹேஸ் மோர் பேஷன்ஸ் தேன் ஐ டூ.”

இந்தப் படியில் இரண்டு தவறுகள் வரும். ஒன்று, துணைவினையை முன்பகுதியின் எழுவாய்க்கு ஏற்ப வைத்துவிடுவது. “ஷீ வொர்க்ஸ் ஹார்டர் தேன் ஐ டஸ்” என்று எழுதுவார்கள். பின்பகுதியின் எழுவாய் ‘ஐ’. அதற்கு ஏற்றது ‘டூ’. “தே நோ மோர் தேன் ஹீ டஸ்” என்பதிலும் இதே காரணம்தான்.

இன்னொன்று காலம். இரண்டு பகுதியும் ஒரே காலத்தில் இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. மகன் இப்போது உயரமாக இருக்கிறான், அதே வயதில் அப்பா அவ்வளவு உயரம் இல்லை என்றால் “ஹீ இஸ் டாலர் தேன் ஐ வாஸ் அட் ஹிஸ் ஏஜ்” என்றுதான் எழுத வேண்டும். இங்கே துணைவினையை விட்டுவிட்டால் பொருளே மாறிவிடும், ஏனென்றால் படிப்பவர் இன்றைய உயரத்தை இன்றைய உயரத்தோடு ஒப்பிட்டுக்கொள்வார்.

7. முன்னால் ப்ரெபொசிஷன் இருந்தால் பின்னாலும் அதைப் போடுங்கள்

“திஸ் ஜாப் இஸ் ஹார்டர் ஃபார் ஹிம் தேன் ஃபார் மீ.” இரண்டாவது ‘ஃபார்’ வந்தவுடன் ‘மீ’ தவிர வேறு எதுவும் வர முடியாது. “ஷீ டாக்ஸ் டு ரவி மோர் தேன் மீ” என்று ‘டு’ இல்லாமல் விட்டால் 5-ஆம் படியில் பார்த்த அதே குழப்பம் வந்துவிடும். ரவியிடம் பேசுவதைப் போல என்னிடம் பேசுவதில்லை என்றால் “தேன் டு மீ.” நான் ரவியிடம் பேசுவதைவிட அவள் பேசுகிறாள் என்றால் “தேன் ஐ டூ.”

8. ‘ஆஸ்’, ‘லைக்’, ‘அதர் தேன்’

“ஆஸ் டால் ஆஸ்” வகை ஒப்பீடுகளுக்கு மேலே சொன்ன எல்லாமே அப்படியே பொருந்தும். “ஷீ இஸ் ஆஸ் டால் ஆஸ் ஐ ஆம்.” இரண்டு விதமாக முடிகிற ஆபத்தும் உண்டு. “ஐ நீட் யூ ஆஸ் மச் ஆஸ் ஹீ” என்றால் அவனுக்கு நீ தேவைப்படுவது போல எனக்கும். கடைசிச் சொல் ‘ஹிம்’ என்றால் எனக்கு அவனும் தேவை, நீயும் தேவை. இங்கே அடிக்கடி வரும் இன்னொரு பிழை, இரண்டாவது ‘ஆஸ்’ஸின் இடத்தில் ‘தேன்’ போடுவது. ‘ஆஸ்’ தொடங்கினால் ‘ஆஸ்’ முடிக்க வேண்டும்.

‘லைக்’ ப்ரெபொசிஷன். “ஷீ சிங்ஸ் லைக் மீ.” வினையோடு முழுதாக எழுத நினைத்தால் முறையான எழுத்தில் ‘ஆஸ் ஐ டூ’ என்று மாற்றிவிடுங்கள்.

‘அதர் தேன்’ என்பதில் ‘தேன்’ இருந்தாலும் அது ‘தவிர’ என்ற பொருளில் வருகிறது. “நோபடி அதர் தேன் மீ நியூ த பாஸ்வேர்டு.” இங்கே ‘மீ’ போதும்.

9. இன்னொரு பெயரோடு சேர்ந்து வந்தால்

“தே ஆர் ரிச்சர் தேன் மை பிரதர் அண்ட் ஐ” என்பதா, “அண்ட் மீ” என்பதா? பெயரை விரலால் மறைத்துவிட்டு வாக்கியத்தை முடியுங்கள். “தேன் ஐ ஆம்” என்று வருகிறது, ஆகவே ‘ஐ’. “த நாய்ஸ் டிஸ்டர்ப்டு தெம் மோர் தேன் மை வைஃப் அண்ட் மீ” என்பதில் பெயரை மறைத்தால் “தேன் இட் டிஸ்டர்ப்டு மீ.” ஆகவே ‘மீ’. மரியாதையாக இருக்கட்டும் என்று இங்கேயும் ‘அண்ட் ஐ’ போடுகிறவர்கள் நிறையப் பேர். ஆங்கிலத்தில் ‘ஐ’க்குத் தனி மரியாதை எதுவும் இல்லை.

நம் அலுவலக ஆங்கிலத்தில் ‘தேன் மைசெல்ஃப்’ என்று ஒரு வடிவமும் புழங்குகிறது. “ஹீ இஸ் மோர் எக்ஸ்பீரியன்ஸ்டு தேன் மைசெல்ஃப்.” ‘ஐ’யா ‘மீ’யா என்ற முடிவிலிருந்து தப்பிக்கத்தான் பலர் இதற்குப் போகிறார்கள். எழுவாயும் செயப்படுபொருளும் ஒரே ஆளாக இருக்கும் இடத்துக்கு உரிய சொல் அது. இங்கே எழுவாய் ‘ஹீ’. “தேன் ஐ ஆம்” என்று எழுதிவிடுங்கள்.

10. எங்கே எழுதுகிறோம் என்று பார்த்து முடிவுசெய்யுங்கள்

பழைய பள்ளி இலக்கணம் ‘தேன்’னை இணைப்புச்சொல்லாக மட்டுமே பார்க்கிறது. இணைப்புச்சொல்லுக்குப் பின் ஒரு முழு வாக்கியம் மறைந்திருக்கும், ஆகவே “டாலர் தேன் ஐ” மட்டுமே சரி என்பது அதன் வாதம். இன்றைய பெரிய அகராதிகள், உதாரணமாக மெரியம்-வெப்ஸ்டர், ‘தேன்’னை இணைப்புச்சொல்லாகவும் ப்ரெபொசிஷனாகவும் பதிவுசெய்கின்றன. ப்ரெபொசிஷன் என்றால் “டாலர் தேன் மீ”யும் சரியாகிவிடுகிறது. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் பேச்சில் பெரும்பாலும் அப்படித்தான் சொல்கிறார்கள்.

ஆகவே ஒருவர் பேசும்போது “பெட்டர் தேன் மீ” என்றால் திருத்தாதீர்கள். எஸ்எஸ்சி, வங்கித் தேர்வு போன்றவற்றில் பிழை கண்டறியும் கேள்வி வந்தால் பழைய விதியையே பின்பற்றுங்கள். இரண்டு வடிவங்களில் ஒன்றைக் கேள்வித்தாள் பிழையாகக் கருதினால், அது ‘தேன் மீ’யாக இருக்கவே வாய்ப்பு அதிகம். ஆனால் அங்கேயும் 3-ஆம் படியைத் தாண்டிக் குதிக்காதீர்கள். ‘மீ’ செயப்படுபொருளாகச் சரியாக வரும் வாக்கியத்தைக் கொடுத்துவிட்டு, பிழை வேறு இடத்தில் வைத்திருப்பதும் உண்டு.

பழைய விதிக்கும் ஒரு விதிவிலக்கு இருக்கிறது. ‘தேன்’னுக்குப் பின் ‘ஹூ’ வர வேண்டிய இடத்தில் ‘தேன் ஹூம்’ என்றுதான் வரும். இது மிகவும் சம்பிரதாயமான எழுத்தில் மட்டும் தென்படும் தொடர். பார்த்தால் பிழை என்று குறிக்காமல் இருக்கத் தெரிந்தால் போதும்.

11. செய்து பாருங்கள்

விடையை மறைத்துக்கொண்டு ஒவ்வொன்றையும் 1-ஆம் படியிலிருந்து தொடங்குங்கள். விடை சரியாக வந்தாலும் விடுபட்ட சொற்களைச் சொல்ல முடியவில்லை என்றால் அந்த வாக்கியத்தை மறுபடியும் செய்யுங்கள்.

“யுவர் ஃபோன் இஸ் நியூவர் தேன் ___.” மைன். ஃபோனோடு ஃபோன். முதல் படியிலேயே முடிந்துவிட்டது.

“ஹீ ஜாயின்டு லேட்டர், சோ ஹீ இஸ் ஜூனியர் ___.” டு மீ. ‘தேன்’னே வராது.

“நோபடி இன் த ஆபீஸ் டைப்ஸ் ஃபாஸ்டர் தேன் ___.” ‘அவள்’ என்று எழுத நினைத்தால் ‘ஷீ’, அதைவிட நல்லது ‘ஷீ டஸ்’. டைப் செய்கிறவள் அவள்.

“த ஃப்ளட் டேமேஜ்டு தேர் ஷாப்ஸ் மோர் தேன் ___.” ‘எங்கள் கடைகளைவிட’ என்றால் ‘அவர்ஸ்’. ‘அஸ்’ போட்டால் கடையும் ஆட்களும் ஒப்பிடப்படுகிறார்கள். ‘வீ’ போட்டால் கடைகளை உடைத்தது நாங்கள் என்றாகிவிடும்.

“இட் சர்ப்ரைஸ்டு மை ஃபாதர் மோர் தேன் ___.” ‘என்னைவிட’ என்றால் ‘மீ’. ஆச்சரியப்படுத்தியது அந்தச் செய்தி, ஆளானவர்கள் நாங்கள். ‘ஐ’ போடத் தோன்றியிருந்தால் 4-ஆம் படியை இன்னொரு முறை படியுங்கள்.

“த டாக்டர் நோஸ் யுவர் ஃபாதர் பெட்டர் தேன் யூ.” இதில் நிரப்ப இடம் இல்லை, பிழையும் இல்லை, ஆனால் இப்படியே அனுப்பக் கூடாது. உங்கள் அப்பாவை உங்களுக்குத் தெரிந்ததைவிட டாக்டருக்கு நன்றாகத் தெரியும் என்றால் “தேன் யூ டூ.” டாக்டருக்கு உங்களைவிட உங்கள் அப்பாவோடுதான் பழக்கம் அதிகம் என்றால் “தேன் ஹீ நோஸ் யூ.” இரண்டையும் நோட்டில் அடுத்தடுத்து எழுதி, ஒவ்வொன்றுக்கும் கீழே அதன் தமிழ்ப் பொருளை விரித்து எழுதுங்கள்.